என் போத்தலில் அவள் பெயர்

ஒரு கிழவியின் மூத்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஏன் இத்தனை ஆசை? வீட்டில் சோறு ஆக்கியாகிவிட்டதா? துணி காயப்போட்டாகிவிட்டதா? நான் பாட்டுக்குச் சும்மா இருந்தேன், நோண்டி நோண்டிக் கேட்டது நீங்கள்தான். சரி, கேட்டுத் தொலையுங்கள். சாப்பிட்டுக்கொண்டே மட்டும் கேட்காதீர்கள்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில், பளபளக்கும் பெரிய கம்பெனிகளுக்குப் பின்னால், ஒரு சின்னத் தொழிற்சாலை. பிளாஸ்டிக் மூடிகளில் எழுத்து அச்சடிப்பார்கள். அங்கே நான் துப்புரவு வேலை. அவர்களுடைய ஆள்கூட இல்லை, கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள். தரை, கழிவறை, குப்பைத் தொட்டி எல்லாம் என் ராஜ்ஜியம். அதோடு அந்தத் துணிகளும்.

எழுத்து கோணலாக விழுந்தால், தின்னரில் நனைத்த துணியால் துடைத்து அழித்துவிட்டு மறுபடி அச்சடிப்பார்கள். மாலைக்குள் ஒரு வாளித் துணி சேர்ந்துவிடும். முதலில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, துவைத்தால் மறுபடியும் ஆகுமே என்று மேலிடத்துக்குத் தோன்றியது. மேலிடத்துக்கு என்ன தோன்றினாலும் அது கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேரும். கழிவறைக்குப் பின்னால் மாப்பு வைக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து, தின்னரை டின்னில் பிழிந்துவிட்டு, துணிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசுவேன். வாடை ஆபீசுக்குள் போகிறது என்று யாராவது வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள்.

துடைக்கிற மேசையில் ஒருத்தி இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். பாட்டி என்று கூப்பிடுகிறவர்களின் குப்பைத் தொட்டி இரண்டு நாள் நிரம்பியே கிடக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அம்மா கெலுகோர் வீட்டில் படுத்த படுக்கை. மத்தியான ஓய்வில் மோட்டார் சைக்கிளில் பறந்துபோய்க் கஞ்சி ஊட்டிவிட்டு, தன் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, மணியடிப்பதற்குள் ஓடி வருவாள்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு லிஸ்ட் ஒட்டினார்கள். கெமிக்கல் தொடுகிறவர்களுக்கு மூத்திரப் பரிசோதனை, மொத்தம் பதினோரு பேர். எனக்கு அதெல்லாம் படிக்க வராது. அவளைப் படித்துக் காட்டச் சொன்னேன். என் பெயர் இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்று மாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பரிசோதனை அன்று வேலை முடிகிற நேரத்தில் நர்ஸ் வந்து ஆளுக்கொரு போத்தல் கொடுத்தாள். நான் கழிவறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கிற மேசைக்காரி உள்ளே வந்து கதவைத் தாழ்போட்டாள்.

"அக்கா, ஒரு உதவி."

"டிஷ்யூ முடிஞ்சிருச்சு. வேற ஏதாச்சும் கேளு."

"உங்க மூத்திரம் வேணும்."

"அறுவத்தேழு வயசுல இப்பத்தான் லா என்கிட்ட இத ஒருத்தி கேக்குறா."

"வெளையாடாதீங்கக்கா. எனக்கு டெய்லி தலவலி. கண்டிப்பா கெமிக்கல் அளவு கூடத்தான் காட்டும். கூட இருந்தா மாக் மண்டின் பேக்டரிக்கு மாத்திடுவாங்களாம். பாலத்தத் தாண்டி வந்து அம்மாவுக்கு யாரு கஞ்சி ஊட்டுறது?"

"என்னோடது மட்டும் என்ன, பன்னீரா?"

"நீங்கதான் மெஷின் பக்கமே வர்றதில்லயே!"

அது இரண்டு பேருக்கும் நியாயமாகப் பட்டது. கெமிக்கல் என்றால் மெஷின் பக்கத்தில் இருப்பது, என் வாளியில் இருப்பது அழுக்குத் துணி. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். அவள் பெயர் ஒட்டிய போத்தலில் என் பங்கைத் தாராளமாகவே ஊற்றினேன். திருகி மூடிக் கொடுத்தபோது அவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏன், சூடா இருக்கா? இப்பத்தான் எறக்குனது" என்றேன்.

ரிசல்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க எனக்குத்தான் கவலை. முந்தின நாள் குடித்த செண்டோல் சர்க்கரையாகக் காட்டிக்கொடுத்துவிடுமோ, என் வயது தெரிந்துவிடுமோ என்றெல்லாம் யோசித்தேன். அவளைக் கூப்பிட்ட அன்று மீட்டிங் அறைக்கு வெளியே ஒரே தரைக்கல்லைப் பத்து தடவை துடைத்தேன். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக் கழிவறைக்கு இழுத்துப் போனாள்.

"பதினோரு பேர்ல எனக்குத்தான் ரொம்பக் கூடயாம். மத்தவங்களுக்கு அதுல பாதிகூட இல்லயாம்."

"எனக்குன்னா... யாருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அக்கா, உங்க மூத்திரம் என் பொழப்பயே கெடுத்துருச்சு" என்றாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு, அழுகையும் வந்தது.

சேஃப்டி வேலை பார்க்கிற மலாய்க்காரப் பெண் நல்ல மாதிரி. ஊறுகாய் கெடாமலிருக்கப் போடுகிற மருந்துகூடச் சில நேரம் மூத்திரத்தில் இதே போலக் காட்டும் என்று அவள்தான் எங்களுக்கு வழி காட்டினாள். ஜெருக், அதுதான் ஊறுகாய், நிறைய சாப்பிடுவாயா என்று கேட்டிருக்கிறாள். இவள் விடுவாளா? ஜாதிக்காய் ஜெருக் இல்லாமல் தனக்குச் சோறே இறங்காது என்று அடித்துவிட்டாள். மூன்று நாள் ஊறுகாய் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி கொடு என்றார்கள். இந்தத் தடவை நான் மாட்டேன் என்றுவிட்டேன். வேறு வழியில்லாமல் சாமியைக் கும்பிட்டுத் தன்னுடையதையே கொடுத்தாள்.

அது நல்லபடியாக வந்தது. அவள் மேசைக்கு மேல் வாடையை உறிஞ்சுகிற குழாய் இருந்தது. மூக்குக்கு மாஸ்க், கைக்கு நல்ல உறை எல்லாம் இருந்தது. தலைவலிக்குக் காரணம் பழைய கண்ணாடியாம். பார்த்தாயா, எல்லாம் ஜெருக் செய்த வேலை என்று சேஃப்டிப் பெண் சிரித்துக்கொண்டே ஃபைலை மூடினாள். இவள் எனக்கு மீ கோரெங் வாங்கிக் கொடுத்தாள்.

"தப்பிச்சோம் அக்கா!"

"நீ தப்பிச்ச."

அவள் காதில் அது விழவில்லை. பாதி மீயைப் பொட்டலம் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. டிவியைப் போட்டேன், அணைத்தேன். பசியே இல்லாமல் மூன்று தடவை ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் ஊறுகாய் தொட்டுப் பல வருஷம் ஆகிறது, கடிக்கப் பல் வேண்டாமா? அப்படியானால் அந்தப் போத்தலில் இருந்தது என்ன? துணி பிழிந்து முடித்து எழுந்தால் சுவர் என் பக்கம் சாயும். சில நாள் காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். சிரிப்புக்கு மட்டும் வயசைக் குறை சொல்ல மனம் வராது, குணம் அப்படி என்று விட்டுவிடுவேன். ஆனால் தீபாவளி லீவில் ஒரு வாரம் தலை தெளிவாக இருந்ததே!

சொன்னால் அவளுக்குக் கெடுதல். கான்ட்ராக்டரும் ஒரே போனில் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் நாளைக்கும் ஒரு வாளி. மறுநாள் கதவைத் திறந்து வைத்துப் பிழிந்தேன். ஆபீஸ் பெண் வந்து சாத்தினாள். திறந்தேன். சாத்தினாள். மூன்றாவது தடவை நான் திறக்கவில்லை. அதற்குமேல் அன்று பிழியவும் இல்லை. வாளியை மூடி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை, பரிசோதனை செய்த கிளினிக்குக்கே போனேன். டாக்டர் நம் தமிழ்ப் பெண். சின்ன வயது.

"என்ன பாட்டி, என்ன செய்யுது?"

"ஒன்னும் செய்யல டாக்டர். போன மாசம் ஒரு போத்தல் வந்துச்சே, ரொம்பக் கூட காட்டுச்சே, அதோட சொந்தக்காரி நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நல்லது செய்றதா நெனச்சீங்களா? உங்களோடது சுத்தமா வந்து, அவங்களுக்கு நெஜமாவே கூட இருந்திருந்தா, உங்க போத்தல நம்பி நான் அவங்கள அங்கயே விட்ருப்பேன். தெரியுதா?"

தலையை ஆட்டினேன். அவள் பேனாவை மறுபடி எடுத்தாள்.

"அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இல்ல."

"கைக்கு?"

"பாத்திரம் கழுவுற ரப்பர் உறை. ஓட்ட விழுந்தா மாத்திக்குவேன்."

"தின்னருக்கு அது தடுப்பே இல்ல பாட்டி. மூக்கு வழியா மட்டுமில்ல, தோல் வழியாவும் உள்ள போகும். திங்கக்கிழம வேல முடிஞ்ச கையோட நேரா இங்க வாங்க."

அந்தத் திங்கட்கிழமை கடைசியாக ஒரு வாளி பிழிந்தேன். கிளினிக்கில் போத்தலை நீட்டினேன்.

"இது உங்களோடதுதானே?" என்றாள் டாக்டர்.

"போன தடவயும் என்னோடதுதான் லா."

அதுவும் கூடத்தான் காட்டியது. டாக்டர் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினாள். யார் சம்பளம் கொடுக்கிற ஆளாக இருந்தாலும் கெமிக்கல் படுகிற ஒவ்வொருவரும் லிஸ்டில் இருக்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டியது முதலாளி என்று எழுதியதாகச் சொன்னாள். என் சிநேகிதியை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். பொய் ரிசல்ட்டைக் கோப்பில் வைத்திருக்க முடியாது என்றுவிட்டாள். அவளை மாக் மண்டினுக்கு மாற்றவில்லை, ஆனால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் என்னை ஆண்ட்டி என்று கூப்பிடுகிறாள். அக்காவிலிருந்து ஆண்ட்டிக்கு இறக்கிவிட்டாள். பொறுத்துக்கொண்டேன்.

சேஃப்டிப் பெண் அப்போதுதான் முதல் தடவையாக என் அறைக் கதவைத் திறந்தாள். இரண்டடி பின்னால் போய்விட்டாள். அவள் கையிலிருந்த தாளில் அந்த அறைக்கு மாப்பு ஸ்டோர் என்று மட்டும் போட்டிருந்ததாம். துவைக்கச் சொன்னது யார் என்று கேட்டாள். மேலே கையைக் காட்டினேன். கடவுளா என்று கேட்டாள். ஆபீஸ் என்றேன். "என் தப்பு, மக்சிக்" என்று பெரியம்மா முறை வைத்துச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. தின்னராகவும் இருக்கலாம்.

துணிகளை இப்போது துவைப்பதில்லை. மூடி போட்ட இரும்புப் பீப்பாயில் போட்டால் லாரி வந்து எடுத்துப் போகிறது. ஏன் வாயைத் திறந்தாய் என்று கான்ட்ராக்டர் போனில் கத்தினார். போனை மேசையில் வைத்துவிட்டு, அவர் கத்தி முடிக்கும் வரை ஜன்னல் துடைத்தேன். என்னை அனுப்பக் கூடாது என்று சேஃப்டிப் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். லிஸ்டில் இப்போது பன்னிரண்டு பேர்.

மறுபரிசோதனைக்குத் தொழிற்சாலை வேன் எங்கள் ஃபிளாட்டு வாசலுக்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்து இறங்கியபோது லிஃப்ட் பக்கத்தில் எங்கள் மாடியின் நான்கு வீட்டுக்காரிகளும் நின்றிருந்தார்கள்.

"என்னக்கா, வேன்லாம் வருது? கிளினிக்கு எதுக்கு?"

"மூத்திரம் டெஸ்ட் பண்ணாங்க."

"எதுக்கு?"

"தல சுத்தல் இருந்துச்சு, அதான். ரெண்டு தடவ பாத்துட்டாங்க, ரெண்டு தடவயும் இருக்குன்னு வந்திருச்சு. கனமா எதுவும் தூக்காம ஜாக்கிரதயா இருக்கச் சொல்லிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் வரணுமாம்" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டே லிஃப்டில் ஏறினேன்.