மடியில் ஒரு பிடி அரிசி

காலை 8.10. புக்கிட் பெலிம்பிங்கில் பேருந்து ஏறினேன். கோலசிலாங்கூரில் மாறித் தஞ்சோங் காராங். அங்கிருந்து வாடகைக் காரில் சுங்கை புரோங். பேருந்துகளுக்கு ஐந்து வெள்ளி, காருக்கு எட்டு வெள்ளி. தனியாகப் போய் எனக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால் ஜன்னலைப் பார்ப்பேன். அன்று கோபம்தான் என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

முந்திய நாள் ஸ்டெல்லா என் கைப்பேசிக்கு ஒரு நிமிடப் படம் அனுப்பியிருந்தாள். அவளும் அவள் தம்பி அந்தோணியும் சொந்தமாகக் கார்ட்டூன் படம் எடுப்பவர்கள். மூன்று மாதம் முன்பு என் வீட்டுக்கு வந்து, வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்ததையெல்லாம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அனுப்பிய படத்தில் என் அம்மா, முள்வேலிக்கு அப்பால் நிற்கும் துப்பாக்கிக்காரனுக்கு அரிசி மூட்டையை நீட்டுகிறாள்.

9.50. சாலையின் இருபக்கமும் நெல் முற்றி நின்றது. கார்க்காரர் தமிழர். “இந்த ஊர்ல பசின்னு யாரும் சாக முடியாது லா, ஆன்ட்டி” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு எட்டு வயதில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். ஒரு மணி அரிசிகூட வாசலைத் தாண்டக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பால் டின்னைக்கூடச் சேர்த்து வைக்க முடியாதபடி கடைக்காரன் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான். பால்மரம் வெட்டப் போகும் பெண்களை விடிகாலையில் வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள்.

10.15. உரக்கடைக்கு மேலே ஒரே அறை. இரண்டு மேசை, ஒரு காற்றாடி, சுவர் முழுக்க என் அம்மா. படத்தில் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு முறை வரைய வேண்டுமாம். அந்த ஒரு நிமிடத்துக்கு ஐந்து வாரம் ஆனதாம். ஸ்டெல்லா மைலோ கலக்கிக்கொண்டே, படத்தைப் பார்த்து அழுதேனா என்று கேட்டாள்.

“எங்கம்மா காட்டுக்காரனுக்கு அரிசி குடுத்தாங்கன்னு நான் எப்போ சொன்னேன்?”

அந்தோணி சிரித்தான். “மடியில அரிசி இருந்துச்சுன்னு சொன்னீங்களே, ஆன்ட்டி. வேற எதுக்குக் கொண்டு போவாங்க? அவங்களப் பெரிய ஆளாத்தானே காட்டியிருக்கோம்.”

ஸ்டெல்லா நீட்டிய மைலோவைத் தள்ளி வைத்தேன். “எங்கம்மாவ எட்டு மாசம் ஜெயில்ல வச்சு போலீஸ் கேட்டதும் இதத்தான். அவன் கேட்டான், நீங்க ஆமான்னுட்டீங்க.”

அம்மா அப்போது மூன்று மாதக் கர்ப்பம். மசக்கைக்காரிகள் பச்சரிசி மெல்லுவது எங்கள் லயத்தில் சாதாரணம். மரம் வெட்டும்போது மென்றுகொள்ள மடியில் ஒரு பிடி முடிந்திருந்தாள். பிடித்து ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரத் துரை, கணக்கு எழுதும் கிராணி, போலீஸ் எல்லாம் ஆம்பிளைகள். அவர்கள் முன்னால் மசக்கை என்று சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். பேசாததால் குற்றம் உண்மையாகிவிட்டது. குழந்தை உள்ளேயே பிறந்து உள்ளேயே போயிற்று. திரும்பி வந்தவளை லயத்தில் ‘அரிசிக்காரி’ என்றார்கள், அவள் சாகிறவரை.

இதில் மசக்கையை நானும், அவர்கள் பதிவு செய்ய வந்த அன்று, சொல்லாமல் விட்டேன். அந்தோணி எதிரில் உட்கார்ந்திருந்தான், வெட்கம். இப்போது சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு இன்னும் கோபம் வந்தது. இதில் தலை குனிய என்ன இருக்கிறது?

படம் வெள்ளிக்கிழமை போட்டிக்குப் போக வேண்டும், நான்கு நாள்தான் இருக்கிறது என்றான். ஸ்டெல்லா எழுந்து, சுவரிலிருந்து துப்பாக்கிக்காரன் படங்களை உரிக்கத் தொடங்கினாள். “போட்டி கெடக்கட்டும்டா. ஆன்ட்டி, அம்மா எப்படி மெல்லுவாங்க? செஞ்சு காட்டுங்க.”

கீழே போய்ப் பக்கத்து மளிகைக் கடையில் ஒரு பிடி அரிசி வாங்கி வந்தாள். முந்தானையில் முடிந்து மடியில் செருகினேன். முடிச்சை அவிழ்க்காமல் இரண்டு விரலை நுழைத்து எடுத்து, அக்கம்பக்கம் பார்த்து, வாயில் போட்டேன். பல் இல்லாததால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த அந்தோணி கூச்சத்தில் முகத்தைத் திருப்பினான். “பாரு” என்றேன். பார்த்தான். பன்னிரண்டு முறை செய்யச் சொன்னாள் ஸ்டெல்லா. செய்தேன்.

மாலை 4.00. தஞ்சோங் காராங்கில் பேருந்து ஏறினேன். கோபம் இறங்கவில்லை. துரைமேல் இருந்தது, கிராணிமேல் இருந்தது, எழுபது வருடம் ஊமையாக இருந்த என்மேலும் இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள். ஜன்னல் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“எங்கம்மாவுக்கு மசக்கை. அதச் சொல்லிட்டு வர்றேன்.”