இரண்டாம் சுற்றின் மறுநாள் காலை

என் மகளைப் பகலில் பார்த்துக்கொள்பவர் போலந்து நாட்டுப் பெண். ஜேர்மனியின் ஹம் நகரில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், தன் வீட்டிலேயே சில பிள்ளைகளைப் பார்க்கிறார். வேறு இடங்களில் அழுது வாந்தியெடுத்துத் திரும்பி வந்த என் மகள், இவரிடம் மட்டும் கையை நீட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் நாட்டு ஜனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்கவில்லை. முன்னுக்கு வந்த இருவருக்கும் இரண்டாம் சுற்று. "எங்கள் ஆள் வென்றால் ஊருக்கே போய்விடுவோம். என் மகளும் அங்கேதானே. மற்றவர் வந்தால் அந்த நாட்டில் எனக்கு மூச்சு முட்டும்" என்று வாசலில் வைத்துச் சொன்னார். நல்லது என்று சிரித்துவிட்டு ரயிலுக்கு நடந்தேன். அன்றிலிருந்து, பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத இரண்டு பேரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன்.

ஞாயிறு வாக்களிப்பு முடிந்ததும் வந்த கணிப்பில் அவருடைய ஆள் மயிரிழையில் முன்னால் நின்றார். வாழ்த்து அனுப்புவதா? அனுப்பாவிட்டால் மரியாதை இல்லையே. எழுதி, அழித்து, கடைசியில் ஒரு பூங்கொத்துப் படத்தோடு அனுப்பினேன். பிறகு கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினேன்.

"என்னப்பா, உம்மட ஆளோ தோத்தது?" என்றார் கணவர்.

"பகிடி விடாதேங்கோ. பிள்ளையை இனி ஆர் பாக்கிறது?"

"முதல்ல எண்ணி முடிக்கட்டும். அதுக்குள்ள வாழ்த்தும் அனுப்பிப்போட்டீர்! எங்கட நாட்டு எலெக்சனுக்குக்கூட நீர் இவ்வளவு யோசிக்கேல்லை."

விடிந்தபோது முடிவு மாறியிருந்தது. மற்றவர் வென்றுவிட்டார். முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அடுத்த கணமே பதறினேன். அந்தப் பூங்கொத்தை என்ன செய்வது? அழித்தால் அழித்ததும் தெரியுமே.

கதவைத் திறந்தவரின் கண்கள் வீங்கியிருந்தன. என் மகள் வழமைபோல உள்ளே ஓடினாள்.

"வாழ்த்துக்கு நன்றி. நானும் ஷாம்பெயின் திறந்துவிட்டேன். நாம் இரண்டு பேருமே அவசரக் குடுக்கைகள்." சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். "இனி நாங்கள் போகமாட்டோம். அங்கே என் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்கு நிம்மதிதானே?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. ஆம் என்றேன். உங்களை இப்படிப் பார்க்கக் கஷ்டமாகவும் இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார்.

உள்ளே தொலைபேசி அடித்தது. திரையைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"உங்கள் மகளா? பேசுங்கள். பிள்ளைகளை நான் பார்க்கிறேன்" என்று சப்பாத்தைக் கழற்றினேன்.

என் ரயில் போயிருக்கும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அழைத்து, சுணங்கித்தான் வருவேன் என்றேன். பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கேட்டார்கள்.

"பிள்ளை நல்லாயிருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்கிறவருக்குத்தான் சுகமில்லை" என்றேன்.