செப்புச் சுருளுக்குள் ஓடிய தண்ணீர்

வசந்தினி கோப்பாயிலிருந்து திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்துக்குச் சைக்கிளில் வருகிறவள். அதிகம் கதைக்க மாட்டாள். தன் ஆய்வைப் பற்றித் தோட்டக்காரத் தகப்பனிடம் ஒரேயொரு தரம்தான் சொன்னாள்: "ரியூப் லைற்றுக்குள்ளை வாயு எரியிற மாதிரி, அப்பா."

"அப்ப லைற் செய்யப் படிக்கிறியோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அவள் செய்தது வேறு. காற்றை இழுத்தெடுத்த உருக்குக் கலம். உள்ளே கொஞ்சம் ஆர்கன் வாயு. மேலே மூடியாகத் தடித்த கண்ணாடித் தகடு. தகட்டின்மேல், நுளம்புச்சுருள் போலச் சுற்றிய செப்புக் குழாய். அதுதான் அன்ரெனா. அதில் வானொலி அலை அதிர்வெண்ணில் மின்னோட்டத்தை விட்டால், கீழே வாயு ஊதா நிறத்தில் பற்றிப் பிளாஸ்மாவாகும். ஆனால் நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் ஐதாகவும்தான் வரும். உள்ளே வைக்கும் தட்டில் பூச்சும் அப்படியே திட்டுத்திட்டாகப் படியும். நடுச்சுற்றுகளைத் தளர்த்தி வெளிச்சுற்றுகளை நெருக்கினால் அடர்த்தி எங்கும் சமமாகும் என்பது அவள் கணக்கு.

மாசியில் ஒருநாள் அது சமமாகவே வந்தது. அதை மறுபடியும் செய்து காட்டினால் கலாநிதிப் பட்டம், பிஎச்.டி. ஆனி மாதம் கூடும் பட்டப்படிப்புச் சபைக்கு முன் காட்டாவிட்டால் பதிவு ரத்து. தவணை ஏற்கெனவே நீட்டிக் கொடுத்தாயிற்று.

மறுபடி வரவேயில்லை. ஓரம் மட்டுமல்ல, நடுவும் சோர்ந்து கிடந்தது. பிழை சுருளில்தான் என்று நினைத்தாள். சுற்றுகளை விரித்தாள், நெருக்கினாள், புதுக் குழாய் வாங்கி மணல் நிரப்பி வேறொரு வடிவில் வளைத்தாள். விரல் நுனியெல்லாம் பச்சை பிடித்தது. அடர்த்தி ஏறாததால் மின்வலுவை ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள்.

"பிள்ளை, உதை விட்டிட்டு இடியப்ப உரல் செய்யும். சுத்துறது நல்லா வருது உமக்கு" என்றார் ஆய்வுகூட உதவியாளர் லெனாட்.

"பகிடி விடாதேங்கோ, லெனாட் அண்ணை. எனக்குச் செத்திடலாம் போலை கிடக்கு."

அவர் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

வைகாசிக் கடைசியில் கண்ணாடித் தகடு வெடித்தது. கலத்துக்குள் காற்று ஊளையிட்டுப் புகுந்தது. செப்புச் சுருள் தொட முடியாத சூட்டில் கண்ணாடிமேல் சரிந்து கிடந்தது. அது ஆறும்வரை பொறுத்து வெட்டிப் பார்த்தாள். குழாய்க்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு. ஈர்க்கு நுழையவும் இடமில்லை.

அப்போதுதான் விளங்கியது. சுருள் சூடேறாமல் இருக்க அதற்குள் உப்பில்லாத வடிநீர் ஓட வேண்டும். மாசிக் கடைசியில் வடிநீர் இயந்திரம் பழுதானபோது வளாகக் கிணற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். எல்லோரும் வந்து அள்ளிக் குடிக்கிற நல்ல தண்ணீர் அது. அதைக் கெட்டது என்று யார் நினைப்பார்? அதிலுள்ள உப்பு வழியாக மின்வலுவில் ஒரு பங்கு நிலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மிச்சத்தையும் கெடுத்தது. முதற் சுருளே சரி. மூன்று மாதமாக அவள் சரியானதைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள்.

புதுத் தகடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆனிக்குள் வராது.

அவளுடைய ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் கனகரட்ணம், நடந்ததை அவள் சொல்லி முடித்ததும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கிணத்துத் தண்ணியை ஆர் பூட்டினது?"

"லெனாட் அண்ணை, சேர்."

"உமக்குச் சொல்லாமலோ? வடிவா யோசிச்சுச் சொல்லும். அவர் தன்ரை பாட்டுக்குப் பூட்டினவர் எண்டால், பிழை உம்மிலை இல்லை, எங்கடை துறையிலை. சபை தவணை தரும். நான் எழுதுவன்."

வசந்தினிக்குத் தெரியும். லெனாட்டின் வேலை தற்காலிக நியமனம். அந்தக் கடிதத்தோடு அது போய்விடும். "வடிநீர் வரட்டும், பிள்ளை" என்று இரண்டு நாள் மறுத்த மனுசன் அவர். ஆய்வு நிற்கக்கூடாதென்று கெஞ்சியவள் அவள். ஒரு "ஓம்" போதும். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"நான் கேட்டுத்தான் பூட்டினவர், சேர். அவர் வேண்டாமெண்டவர்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப எம்.பில். ஆக மாத்தித் தரலாம். அதுக்குமேலை என்னாலை ஏலாது."

"ஓம், சேர்."

சைக்கிள் தரிப்பிடத்தில் லெனாட் நின்றார். "என்னவாம்? நான் பூட்டினது எண்டு சொன்னனீரோ?"

"நான்தான் கேட்டனான் எண்டும் சொன்னன்."

"விசர்ப் பிள்ளை" என்றார், குரல் இறங்கி. "என்னைச் சொல்லியிருக்கலாமே. நான் எப்பிடியும் சமாளிச்சிருப்பன்."

"சமாளிச்சிருக்க மாட்டியள், அண்ணை."

பூட்டுக்குள் திறப்பு நுழைய மறுத்தது. அவர் வாங்கித் திறந்து கொடுத்தார். வளாக வாசலைத் தாண்டும்வரை அழக்கூடாது என்று மிதித்தாள். வாசல்வரை தாங்கவில்லை.