ராசப்பன் காதில் குணுக்கு

என் கொழுந்தன் ராசப்பனுக்கு யோசித்துப் பதில் சொல்லும் பழக்கமே கிடையாது. கேட்டவர் வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும். கொச்சியில், மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து முனிசிபாலிட்டியில் குழாய் வேலைக்குச் சேர்ந்தார். என் வீட்டுக்காரர் காளிமுத்துவும் அதே வேலைக்குப் போனார். இளையவன் மட்டும் படிப்பைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான். படகேறி எர்ணாகுளம் போய் பி.எஸ்ஸி. முடித்து, அங்கேயே கம்ப்யூட்டரும் படித்தான். மலையாளப் பத்திரிகையை மூலை விடாமல் படிப்பான். தமிழ் என்றால் கல்யாணப் பத்திரிகைக்கே எழுத்துக் கூட்டுவான்.

1985-ல் வெங்கிடேஸ்வரன் என்பவர் பஜார் ரோட்டில் கம்ப்யூட்டர் ஆபீஸ் திறந்தார். கீழே மிளகுக் கிடங்கு, மேலே ஆபீஸ். படியேறினால் தும்மல் நிச்சயம். கடைக்காரர்களின் கணக்கைக் கம்ப்யூட்டரே போடும்படி புரோகிராம் எழுதுவது அவர்கள் தொழில். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். எழுதுவதற்கு நாணு, கல்யாணராமன், மீனாக்ஷி என்று மூன்று பேர். அவர்களுக்குத் தலைவன் ராசப்பன். சத்தமாகப் பேசுகிறவன் என்பதால்தான் அவனைத் தலைவனாக வைத்தார்கள் என்பது என் எண்ணம்.

முதல் பெரிய வேலை ஒரு மிளகு வியாபாரி கொடுத்தது. ஹாஜியார் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். கிடங்குக்கு வருகிற மிளகு, போகிற மிளகு, ஈரத்துக்காகக் கழிக்கிற எடை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். எப்போது முடியும் என்று கேட்டார். ஓணத்துக்குள் என்றான் ராசப்பன். ஓணம் போனது. கிறிஸ்துமஸ் என்றான். அதுவும் போனது. இன்னொரு தேதி தவறினால் வேலையை எர்ணாகுளத்தில் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். கையில் வேறு வேலை இல்லை. இது போனால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான் என்று வெங்கிடேஸ்வரன் நாலு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டம் நிற்கவில்லை. நாணுவும் கல்யாணராமனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் ராசப்பனும் சேர்ந்தால் நாலு கை. இந்த ஊரில் சீட்டு என்றால் இருபத்தெட்டுதான். கையில் வந்த சீட்டைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று முன்கூட்டியே விளிக்க வேண்டும். விளித்ததை எடுக்காவிட்டால் காதில் குணுக்கு மாட்டுவார்கள். பலா இலை, காலித் தீப்பெட்டி, எது கிடைக்கிறதோ அதுதான் குணுக்கு. அடுத்து ஜெயிக்கும்வரை கழற்றக் கூடாது.

அன்றைக்கும் ராசப்பன் வாய்க்கு வந்ததை விளித்துவிட்டுத் தோற்றான்.

"கையில ஒரு மண்ணும் இல்ல, விளி மட்டும் ஆகாசத்துல!" என்றான் நாணு. "செவியைக் காட்டு ராசப்பேட்டா."

"இவரோட கூட்டு சேர்ந்ததுக்கு என் காதும் தொங்கறது" என்றான் கல்யாணராமன்.

நான் சாயா கொண்டுபோய் வைத்தேன். "சீட்டுல இந்தக் கிழி கிழிக்கீங்களே, ஓணத்துக்குள்ள முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்ல மட்டும் வாய் எங்கே போச்சு?"

நாணு தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அங்க ராசப்பேட்டன் ஆத்யமே சொல்லிடும் சேச்சி. பின்னெ நாங்க எந்து பறயான்?" அவனே முதலில் சொல்லிவிட்டால் நாங்கள் என்ன சொல்வது என்கிறான்.

"எங்கிட்ட யாரும் முடியாதுன்னு சொல்லலையே மதினி" என்றான் ராசப்பன், தீப்பெட்டி ஆடுகிற காதோடு.

"நீ மூச்சு விட்டாத்தானே அவங்க சொல்ல."

அவன் ஆட்டத்துக்கு வேண்டாமென்று ஒதுக்கிய சீட்டுகளை எடுத்துக் கலைத்துக்கொண்டிருந்தான்.

இருபத்தெட்டுக்கு ரெண்டு முதல் ஆறு வரை உள்ள சீட்டுகள் வேண்டாம். எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். மறுநாள் ராசப்பன் அதையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனான். அங்கே நடந்ததை மீனாக்ஷி பிறகு என்னிடம் சொன்னாள். ஆளுக்கு ஒரு ஜாதியில் அஞ்சு சீட்டும் கொடுத்தானாம். ஒருத்தருக்கு இஸ்பேட், ஒருத்தருக்கு ஆடுதன், இப்படி. ஹாஜியார் வேலை முடிய எத்தனை வாரம் ஆகுமோ அந்த எண் உள்ள சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும், எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும் என்றானாம். சொல்லிவிட்டு வாய் சும்மா இருந்ததா? "ரெண்டு வாரம் தாராளமாப் போதும். ம், வைங்க" என்றிருக்கிறான். திருப்பினால் நாலும் ரெண்டு.

ராசப்பனுக்கு ஒரே சந்தோஷம். மீனாக்ஷிதான் சீட்டைத் திரும்ப வாரினாள்.

"இது ஆட்டமே இல்லை. நீங்க உங்க சீட்டை மொதல்லயே காட்டியாச்சு. மறுபடியும் வைப்போம். இந்தத் தடவை நீங்க பேசப்படாது. வேலை முடியறச்சே யாரோட சீட்டு ரொம்பத் தப்போ, அவா காதுல குணுக்கு."

குணுக்கு என்றதும் அவனவனுக்குத் தன் காதைப் பற்றிய கவலை வந்துவிட்டது. இரண்டாவது தடவை ராசப்பன் சீட்டு மட்டும்தான் ரெண்டு. மற்றவை ஐந்து, ஆறு, ஆறு.

"ஆறு எதுக்கு?" என்று கேட்டான்.

"ஈரக் கழிவுக் கணக்கை இன்னும் யாரும் தொடவே இல்லையே" என்றாள் மீனாக்ஷி.

"அது நாணு முடிச்சாச்சுல்லா?"

"ஞானோ? அது கல்யாணராமன் அல்லே?" என்றான் நாணு.

"எங்கிட்ட யார் சொன்னா?" என்றான் கல்யாணராமன்.

படி இறங்கும்போது யாரிடமோ சொல்லியிருக்கிறான் ராசப்பன். யாரிடம் என்று அவனுக்கே நினைவில்லை.

அன்றைக்கே ஹாஜியாரிடம் போய் ஆறு வாரம் என்றான். ரெண்டு என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். ஆறு என்றதும் அவர் முகம் கடுத்தது. "ஆறு. ஏழாயால் ஈ வழி வரண்டா" என்றார். ஏழு ஆனால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று.

வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். அந்த ஆறு வாரமும் எந்த வேலைக்கும் முதலில் சீட்டு, அப்புறம் பேச்சு. ராசப்பன் கடைசியில்தான் பேச வேண்டும். யாருக்கு எந்த வேலை என்று நாலு பேர் முன்னாலும் கேட்டுச் சொன்னான்.

ஆறாவது வாரத்தில் முடிந்தது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய அன்று காலை, பிரிண்டர் தாளின் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு நாடா வருமே, அதைக் கிழித்து ராசப்பனின் ரெண்டு காதிலும் மாட்டினான் நாணு. அடுத்த வேலையில் ஜெயிக்கும்வரை கழற்றக் கூடாது என்பது ராசப்பனே போட்ட விதி. பஜார் ரோட்டில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் கூவக் கூவ அப்படியே நடந்து போனான்.

ஹாஜியார் எடையையும் கழிவையும், இதற்கென்றே வாங்கி வைத்திருந்த தன் கம்ப்யூட்டரில் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"செவியில் எந்தாடா?"

"குணுக்கு. உங்க வேலை ரெண்டு வாரத்துல முடியும்னு நெனச்சேன்."

அவர் சிரித்தாரா என்று கேட்டேன். இல்லையாம். "அப்புறத்தெ கிடங்ஙினும் இது வேணம். எத்ர ஆழ்ச?" என்று கேட்டாராம். பக்கத்துக் கிடங்குக்கும் வேண்டும், எத்தனை வாரம் ஆகும் என்று.

ராசப்பன் வாயைத் திறந்திருக்கிறான். மூடியிருக்கிறான். "பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டான்.

ஆபீஸ் பூட்டவில்லை. இதெல்லாம் ஆபீஸில் மட்டும்தான். வீட்டில் இன்றைக்கும் அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போகிறான். நான் சோற்றை மூடி வைத்துவிடுவேன்.