என்னவென்று தெரியாத தங்கம்

கடற்கரையில் தொலைந்ததெல்லாம் கடைசியில் வந்து சேர ஓர் அறை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லோரும் கவுன்டர் அக்கா என்பார்கள். குடையோ, மூக்குக்கண்ணாடியோ, ஒற்றைச் செருப்போ, எதுவானாலும் அக்காவிடம் ஒரே சட்டம்தான். "என்ன பொருள்னு நீங்களே சொல்லணும். சொன்னா எடுத்துத் தருவேன். முதல்ல காட்டுன்னு மட்டும் கேக்காதீங்க."

சட்டத்துக்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அக்கா பஸ்ஸில் தவறவிட்ட சங்கிலியை, டிப்போவில் யாரோ மேசைமேல் விரித்துக் காட்ட, எவளோ "என்னுதுதான்" என்று வாங்கிப் போய்விட்டாள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. தன் கையால் ஒரு பொருள் தப்பான ஆளிடம் போகக் கூடாது, உரிய ஆள் வெறுங்கையோடு திரும்பவும் கூடாது. அக்காவுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அதற்கும் வந்தது சோதனை. மணல் சலிக்கிற வண்டிக்காரர் ஒரு தங்கத் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் குழிவு, மறு பக்கம் மேடு, இரண்டு ஓரத்திலும் பொடிக் கொக்கி. நகையும் இல்லை, கரண்டியும் இல்லை. என்ன எழவு இது? பொருள் என்னவென்று தனக்கே தெரியாவிட்டால், கேட்டு வருகிறவன் சொல்வது நிஜமா புளுகா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நகைக்கடைக்காரரிடம் எடுத்துப் போனாள். அவர் உரசினார், கண்ணாடி வைத்துப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"தங்கம்தாம்மா."

"அது எனக்கே தெரியுமே! இது என்னன்னு சொல்லுங்க."

"அதான் சொல்றேனே, தங்கம்."

அக்காவின் வீட்டுக்காரர் வாயாவது சும்மா இருந்ததா? முங்கின கப்பல், ராஜா, கிரீடம் என்று டீக்கடையில் அளந்துவிட்டு வந்தார். மறுநாள் கவுன்டரில் கூட்டம். ஒருவருக்கு அது தோடு, ஒருவருக்கு பெல்ட் பக்கிள், ஓர் அம்மாளுக்கு நாய்க்குட்டியின் கழுத்துப் பட்டையில் தொங்கியது. அக்காவுக்குத் தலை வெடித்தது. இதற்கிடையில் மேலாளர் போன் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் யாருடையது என்று தெரியாவிட்டால் தலைமை அலுவலகம் எடுத்துப்போய் உருக்கிவிடும் என்றார்.

"உருக்கினப்புறம் சொந்தக்காரன் வந்து நின்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்வேன்?" என்று வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தாள்.

இந்த அமளிக்கு நடுவில் தினமும் ஒரு மனிதர் வந்து நின்றார். வாட்டசாட்டமான ஆள், சலவைச் சட்டை. மூக்கால் ஏதோ முனகுவார், ஒன்றும் பிடிபடாது. பேனாவை நீட்டினால் எழுதத் தெரியாது என்று கையை விரிப்பார். பிறகு வாயைச் சுட்டிக் காட்டுவார். அக்கா தண்ணீர் கொடுப்பாள். குடித்ததில் பாதி மூக்கு வழியாக வரும். இருமிக்கொண்டே மறுபடியும் வாயைக் காட்டுவார்.

"எத்தனை தம்ளர்தான் குடிப்பீங்க? இது என்ன ஓட்டலா? இருக்கிற தலைவலி போதாதா எனக்கு?"

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலக ஆள் பையோடு வந்தான். வேறு வழியில்லை. அக்கா தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். வேடிக்கை பார்க்க வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள், தண்ணீர் தம்ளரோடு நின்ற அந்த மனிதர் பாய்ந்து அதை எடுத்தார். தம்ளரில் முக்கினார். வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ, முழுங்கிட்டான்!" என்று அலறினார் வீட்டுக்காரர்.

அக்கா அந்த மனிதரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அவர் கட்டைவிரலை வாய்க்குள் விட்டு மேலே அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம்.

"சட்டையை விடும்மா," என்றார். கணீரென்ற குரல். "ஏலம் விடுற ஆளு நான். பிறவியிலேயே அண்ணத்துல ஓட்டை. அதை அடைக்கிற மூடி இது. அலை அடிச்சு இருமினதுல வெளியே வந்து விழுந்திருச்சு. இது இல்லாம ஒரு வார்த்தை உருப்படியா வராது. வேலைக்கும் போக முடியல."

வாயை அகலத் திறந்து காட்டினார். தகடு அச்சாகப் பொருந்தியிருந்தது, இரண்டு கொக்கிகளும் கடைவாய்ப் பற்களில் மாட்டியிருந்தன.

இத்தனை நாள் எரிச்சலும் அக்காவுக்கு மொத்தமாகப் பொங்கியது. "இதை வந்த அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

கத்தி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிடித்திருந்த சட்டையை விட்டாள்.

அவர் கோபப்படவில்லை. கசங்கின சட்டையை நீவி விட்டுக்கொண்டார்.

"சொன்னேனேம்மா," என்றார். "தினமும் வந்து சொன்னேன்."