கவிதா எழுதிய இரண்டாவது வரி

கம்ப்யூட்டரை நானாகவே கற்றுக்கொண்டவன் நான். அந்தக் கொழுப்பு கொஞ்சம் உண்டுங்க. சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனி விசைத்தறி மோட்டாரை இயக்கும் ‘டிரைவர்’ புரோகிராம் எழுதியது. சிப்பில் ரிஜிஸ்டர் என்று சின்னச் சின்ன அறைகள் இருக்கும். அதில் ‘நில்’ என்று எழுதினால் தறி நிற்கும். கூட வேலை பார்த்த கவிதா, எழுதும் வரிக்குக் கீழே, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் இரண்டாவது வரியையும் சேர்ப்பாள்.

“ஏனுங்க அம்மணி, சிப்பு என்ன செவிடுங்களா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“போய்ச் சேந்துச்சான்னு பாக்கோணுமுங்க. எழுதுனது சிலசமயம் நடுவழியில தேங்கி நிக்குமுங்க, திரும்பப் படிச்சாத்தான் உடனே போய்ச் சேரும்” என்றாள்.

எளிமையாக்குகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனாகச் சுருக்கி, அந்த இரண்டாவது வரியை எடுத்துப்போட்டேன்.

சூலூரில் ஒரு தறிக்காரம்மா ஸ்டாப்பை அமுக்கிவிட்டு, அறுந்த நூலை முடிய உள்ளே கை விட்டார். ‘நில்’ தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இரண்டு விரல் போய்விட்டது.

புரோகிராம் கோப்பின் தலையில், எழுதியவர் என்று கவிதா பெயர்தான் இருந்தது. “நான் அந்த வரிய எழுதியிருந்தனுங்க” என்று என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் வரியைத் திரும்பச் சேர்த்தேன். “அந்தப் புள்ள உட்டதை நம்மாளு புடிச்சுப்போட்டாரு” என்று முதலாளி கைதட்டினார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.