தேவையில்லை என்று நான் தள்ளிவிடப் பார்த்த பேட்ச்

இன்று காலை ஒரு பேட்சை நிராகரிக்க உட்கார்ந்தேன்...

முடிந்தது ஒரு ஐஸ் ஃபேக்டரியில்!

விஷயம் தெரியாதவர்களுக்கு: நாம் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கம்பைலருக்கு யாராவது திருத்தம், அதாவது பேட்ச், அனுப்பினால் அதைப் படித்துச் சரிபார்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி.

(ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப்பா என்று வீட்டில் திட்டு உண்டு.)

இன்று வந்தது மிகச் சின்னத் திருத்தம். மேற்கோள் குறிக்குள் நாம் எழுதும் வாசகத்தைக் கம்பைலர் எந்த எழுத்து முறையில் சேமிக்கிறது என்று புரோகிராமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவ்வளவுதான்.

'இது யாருக்கு வேண்டும்? இப்போது எல்லாமே, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுதானே!' என்று பதிலைப் பாதி டைப் செய்துவிட்டேன்.

ஆனால் ஓட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளுவது நியாயமில்லை. தமிழ் வாசகம் உள்ள புரோகிராம் ஒன்றைத் தேடினேன்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வடசென்னையில் கல்மண்டபம் பக்கத்தில் என் அண்ணன் சேகர் வேலை செய்யும் ஐஸ் ஃபேக்டரிக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் நானே எழுதிக் கொடுத்தது. ஐஸை உறையவைக்கும் அம்மோனியா என்ற நச்சு வாயு கசிந்தால் சைரன் அடிக்கும், சுவரில் இருக்கும் போர்டில் சிவப்பாக எழுத்து ஓடும்: 'அம்மோனியா கசிவு! வெளியே ஓடுங்கள்!'

அங்குள்ள பழைய கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்த அதே செட்டிங்கில் ஓட்டினேன்.

பதில் வந்தது. யூனிகோடு இல்லை! ஏதோ ஒரு பழைய ஐரோப்பிய எழுத்து முறை! அதில் தமிழே கிடையாது!

தனக்குத் தெரியாத எழுத்து வந்தால் நான் அன்று பயன்படுத்திய இந்தக் கம்பைலரின் பழைய பதிப்பு என்ன செய்யும் தெரியுமா? சத்தமே இல்லாமல் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும்.

உடனே அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ண்ணா, அந்த போர்டுல லீக்குன்னு எழுத்து ஓடி என்னிக்காச்சும் பாத்துக்கீறியா?"

"இன்னா கலா, காலங்காத்தால வாயக் கழுவு! லீக்கே ஆனதில்ல. டெம்பரேச்சர் நம்பரு ஷோக்கா ஓடிகினு கீது."

"கீழ டெஸ்ட் பட்டன் கீது பாரு. எல்லார்கிட்டயும் சொல்ட்டு அத்த அமுக்கு."

சைரன் சத்தம் போனிலேயே காதைப் பிளந்தது. பிறகு அண்ணன் குரல்.

"இன்னாம்மா இது... வெறும் கேள்விக்குறியா ஓடிகினு கீது!"

லீக் ஆகியிருந்தாலும் அதே கேள்விக்குறிதான் ஓடியிருக்கும்!

அங்கே கரண்ட் போனாலும் பேட்டரியில் அதே சைரன்தான் அடிக்கும், போர்டு மட்டும் அணைந்திருக்கும். எதற்காக அடிக்கிறது என்று போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். மூன்று வருடம்! உள்ளே எத்தனை பேர்!

அப்போது சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். என் லேப்டாப்பில்! அதன் செட்டிங்கில் யூனிகோடு இருந்ததால் தமிழ் சரியாகவே ஓடியது. அங்கே நம்பர் ஓடியதும் எல்லோரும் கைதட்டினார்கள், டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். பட்டனை வைத்த நானே அதை அமுக்கவில்லை.

என் வீடு இருக்கும் விம்கோ நகரிலிருந்து ஆட்டோ பிடித்து ஃபேக்டரிக்கு ஓடினேன். செட்டிங்கில் மாற்றவேண்டியது ஒரே ஒரு வரி. (அந்த ஒரு வரியை மாற்றுவதற்குள் நான்கு முறை தப்பாக டைப் செய்தேன்.)

மறுபடி பட்டனை அமுக்கினோம். சிவப்பு எழுத்து ஓடியது. ஐஸ் உடைக்கும் மேரி அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"அம்மோனியா கசிவு... வெளியே ஓடுங்கள்..."

பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ இத்தினி நாளா இது வேல செய்லியா கண்ணு?"

"இல்லக்கா. என் தப்புதான்."

"என் பொண்ணும் உள்ளதான் வேல செய்து."

திட்டியிருந்தால்கூடத் தேவலை!

"இன்னொரு தபா அமுக்கு. அவளும் வந்து பாக்கட்டும்," என்றார்.

அமுக்கினேன். அவர் மகள் வந்து படித்தாள். உள்ளே இருந்த ஒவ்வொருவரும் வந்து படிக்கும்வரை ஆறு முறை அமுக்கினேன்.

அங்கேயே ஒரு மீன் பெட்டியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற பதிலை அழித்துவிட்டு எழுதினேன்: 'பேட்ச் சரியாக இருக்கிறது. ஏற்கிறேன். தேவையில்லை என்று சொல்ல இருந்தேன், மன்னியுங்கள்.'

பேட்ச் அனுப்பிய, முகம் தெரியாத அந்த மனிதருக்குக் கோடி நன்றி!

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: ஆபத்து வந்தால் மட்டும் பேசவேண்டிய ஏதாவது ஒன்று உங்கள் வேலையிடத்தில் இருக்கிறதா? கடைசியாக அது பேசியதை யார் பார்த்தது?